உனக்கு என்ன வந்துது, மக்ளே?

போன வாரம் எங்கள் தெருவில் சோடியம் விளக்குகளைக் கழற்றிவிட்டு எல்இடி மாட்டினார்கள். அன்று இரவு சாப்பிட்டுவிட்டு வாசலுக்கு வந்து நின்றேன். வெளிச்சம் பளிச்சென்று இருந்தது. எதிர்வீட்டுக் காம்பவுண்டு ஓரச் செம்பருத்தி ராத்திரியிலும் சிவப்பாகத் தெரிந்தது. இத்தனை வருஷமாக இருட்டின பிறகு அந்தப் பூவை மங்கின பழுப்பாகத்தான் பார்த்திருக்கிறேன். அந்தச் சிவப்பைப் பார்த்ததும் கோவில்பட்டியில் நான் பிளஸ் ஒன், பிளஸ் டூ படித்த பள்ளியின் இருட்டறை ஞாபகம் வந்துவிட்டது.

இருட்டறை என்றால் தனி அறை ஒன்றும் இல்லை. பிசிக்ஸ் லேபின் கோடியில் ஒரு மூலையைக் கறுப்புத் துணித் திரை போட்டு மறைத்திருப்பார்கள். உள்ளே ஒரு மேஜை, அதன்மேல் பள்ளிக்கே ஒன்றாக இருந்த நிறமாலைமானி, பக்கத்தில் மரப்பெட்டிக்குள் சோடியம் விளக்கு. எங்கள் முறை வருவதற்கு முன்பே லேப் அண்ணாச்சி விளக்கைப் போட்டுவிடுவார். போட்டவுடன் மஞ்சள் வராது. முதலில் இளஞ்சிவப்பாக எரியும். அது நியான் வாயுவின் வெளிச்சம். குழாய் சூடேறி உள்ளே இருக்கிற சோடியம் ஆவியாக ஆக மஞ்சள் மெல்ல மேலே ஏறி வரும். பத்து நிமிடமாவது ஆகும். அதுவரை பழைய துணியும் எண்ணெய் போட்ட பித்தளையும் கலந்த வாசனையில், தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு நிற்போம்.

முதல்நாள் டீச்சர் கருவியைத் தொடவே விடவில்லை. "ஒருத்திய ஒருத்தி பாருங்க" என்றார். பார்த்தோம். தலையில் வைத்திருந்த மல்லிகைப்பூ மஞ்சளாகியிருந்தது. நீலத் தாவணி கறுத்துப்போயிருந்தது. நெற்றிக் குங்குமம் மைப்பொட்டு மாதிரி தெரிந்தது. ஒருத்தி பயந்துபோய், "குங்குமத்துல செவப்பு எங்க போச்சு டீச்சர்?" என்று கேட்டாள்.

"விளக்குல செவப்பே இல்ல மக்ளே. பின்ன குங்குமம் எதைத் திருப்பி அனுப்பும்?"

டீச்சருக்கு நாகர்கோவில் பக்கம். எங்கள் எல்லோரையும் 'மக்ளே' என்றுதான் கூப்பிடுவார். கரிசல்காட்டுப் பிள்ளைகளான எங்களுக்கு முதலில் அந்தப் பேச்சு புதிதாக இருந்தது. ஒரு மாதத்தில் நாங்களும் அப்படியே பேச ஆரம்பித்துவிட்டோம். லேப் விளக்கில் ஆவி குறைந்த அழுத்தத்தில் இருப்பதால் அதிலிருந்து வருவது கிட்டத்தட்ட இரண்டே அலைநீளம், 5890 ஆங்ஸ்ட்ராம், 5896 ஆங்ஸ்ட்ராம் என்பதை அவர் அதன்பிறகுதான் கரும்பலகையில் எழுதினார். தெருவிளக்கு வேறு வகை. அதில் அழுத்தம் அதிகம். மஞ்சளோடு கொஞ்சம் மற்ற நிறங்களும் ஒட்டிக்கொண்டு வரும். செம்பருத்தி முழுக்கக் கறுக்காமல் பழுப்பாக நின்றது அதனால்தான்.

"இன்னைக்கு வீட்டுக்குப் போய் அடுப்புத் தீயில ஒரு சிட்டிகை உப்பப் போட்டுப் பாருங்க" என்று சொல்லி அனுப்பினார். போட்டால் தீ மஞ்சளாகச் சிலிர்க்கும். உப்புக் குழம்பு பொங்கி ஸ்டவ்வில் வழியும்போது நீலத்தீ மஞ்சளாவதும் இதே சோடியத்தால்தான். 1814 வாக்கில் ஜெர்மனியில் ஃபிரான்ஹோஃபர் சூரிய ஒளியின் நிறமாலையில் கறுப்புக் கோடுகளைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் எழுத்து வைத்தபோது, மஞ்சள் பகுதியில் இருந்ததற்கு டி என்று பெயரிட்டார். அது சோடியத்தின் கோடு என்று தெளிவாக இன்னும் நாற்பத்தைந்து வருஷம் பிடித்தது. 1859-இல் கிர்க்காஃபும் புன்சனும் விளக்கினார்கள். சூரியனில் இருப்பதும் எங்கள் வீட்டு உப்பு ஜாடியில் இருப்பதும் ஒரே பொருள் என்று அந்த டீச்சர் சொன்ன அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

நிறமாலைமானியில் எனக்கு மிகவும் பிடித்தது முப்பட்டகத்தின் சிறும திசைமாற்றக் கோணம் காண்பது. பிளவின் படிமம் தொலைநோக்கியில் ஒரு மஞ்சள் கோடாகத் தெரியும். முப்பட்டகம் வைத்த மேடையை மெல்லத் திருப்பிக்கொண்டே போனால் கோடு ஒரு பக்கமாக நகரும். அதைக் கண்ணாலேயே தொடர்ந்து போக வேண்டும். திருப்புவதோ ஒரே திசையில்தான். ஆனால் கோடு ஓரிடத்தில் தயங்கி நின்று, வந்த வழியே திரும்பிப் போகத் தொடங்கும். அந்தத் திருப்பத்தில் குறுக்குக்கம்பியைக் கோட்டின்மேல் பொருத்தி, டார்ச் அடித்து, லென்ஸ் வைத்து வெர்னியரில் டிகிரியும் நிமிடமும் படிக்க வேண்டும். கோடு எங்கே திரும்பும் என்று யாரும் முன்கூட்டிக் காட்ட முடியாது. பார்க்கிறவளே பார்த்தால்தான் உண்டு. டீச்சர் திரைக்கு வெளியிலிருந்தே கேட்பார்: "உனக்கு என்ன வந்துது மக்ளே?"

முப்பத்தெட்டு டிகிரி சொச்சம் என்போம். "சொச்சம்னா எவ்வளவு?" என்பார்.

இந்தக் கருவி சாதாரணமானது என்று யாரும் நினைத்துவிடக்கூடாது என்பதற்காகவோ என்னவோ, சி.வி. ராமனின் கதையைச் சொன்னார். சென்னை மாநிலக் கல்லூரியில் மாணவராக இருந்தபோது கல்லூரியின் இதே மாதிரியான நிறமாலைமானியில் முப்பட்டகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார் ராமன். ஒளி கண்ணாடி முகத்தில் மிகவும் சாய்வாக விழும்போது, விளிம்பு விளைவுப் பட்டைகள் இரண்டு பக்கமும் சமமாக இல்லாமல் இருப்பதைக் கண்டார். கருவி சரியில்லை என்று தள்ளிவிடாமல் அதையே அளந்து கட்டுரையாக எழுதினார். 1906-இல் லண்டன் 'ஃபிலசாஃபிகல் மேகஸின்' அதை வெளியிட்டது. அப்போது அவருக்குப் பதினெட்டு வயது. நோபல் பரிசு பெற்றுத் தந்த கண்டுபிடிப்பைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு என்னவோ இந்த முதல் கட்டுரையின் கதைதான் இன்றைக்கும் நெஞ்சுக்கு நெருக்கமாக இருக்கிறது. பாடத்துக்காகச் செய்த ஒரு சோதனையில், பாடத்தில் இல்லாத ஒன்று தன் கண்ணுக்குத் தெரிந்தபோது ஒரு பையன் தன் கண்ணை நம்பியிருக்கிறான்.

நாங்கள் எல்லோரும் தமிழ் மீடியம். பத்தாவது வரை அறிவியல் என்றால் கேள்வி பதில்தான். புத்தகத்தில் உள்ளதை உள்ளபடி ஒப்பித்தால் மார்க். வீட்டிலும் அப்படித்தான், பொம்பிளைப்பிள்ளை என்ன பார்த்தாய், உனக்கு என்ன தோன்றியது என்று யாரும் உட்காரவைத்துக் கேட்டதில்லை. பிளஸ் ஒன் முதல் வாரத்தில் டீச்சர் திருகு அளவியைக் கையில் கொடுத்து, "எதையாவது அளந்துட்டு வாங்க" என்றபோது எங்களுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை.

எங்கள் வகுப்பில் இலுப்பையூரணியிலிருந்து வரும் பெண் ஒருத்தி இருந்தாள். அவளை நாங்கள் இலுப்பையூரணிக்காரி என்றே கூப்பிடுவோம். அவர்கள் வீட்டில் தீப்பெட்டி ஒட்டுகிற வேலை. பள்ளிவிட்டுப் போனதும் பசைக் கிண்ணத்தின் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். விரல் நுனியில் காய்ந்த பசை வெள்ளையாக உரிந்துகொண்டிருக்கும். அவள் மறுநாள் தாவணி முந்தியில் முடிந்து தீக்குச்சிகளைக் கொண்டுவந்தாள், மருந்து முக்காத வெறும் குச்சிகள். திருகு அளவியின் இரண்டு முகங்களுக்கு நடுவே வைத்து, தலையைத் திருகி, கிர்க் கிர்க் என்று சத்தம் வந்ததும் நிறுத்தி, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குவரை படித்தாள். ஒரு குச்சிக்கு 1.94. அடுத்ததற்கு 2.07. முதல் குச்சியையே மறுமுனையில் அளந்தால் 2.01. கொஞ்சம் திருப்பிவைத்தால் வேறு.

"எது டீச்சர் சரி?" என்று கேட்டாள்.

"எல்லாந்தான். நீ அளந்தது எல்லாம் அந்தக் குச்சியிலதான இருக்கு?"

குச்சியின் தடிமன் என்று ஒரே எண்ணைச் சொல்லிவிட முடியாது. சராசரியையும், அது எவ்வளவு தூரம் ஏறி இறங்குகிறது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல முடியும் என்று அன்றைக்குப் புரிந்தது. கருவியின் மீச்சிற்றளவு 0.01 மில்லிமீட்டராக இருக்கலாம். பொருளே அத்தனை ஒழுங்காக இல்லாவிட்டால் அந்த நுட்பத்தால் என்ன பயன்? மரத்தைச் சீவும் இயந்திரத்தின் கத்தி, மரத்தின் ஈரம், காய்ந்த பிறகு அது சுருங்குவது என்று ஒரு குச்சிக்குப் பின்னால் இருக்கிற எல்லாவற்றைப் பற்றியும் அந்தப் பாடவேளை முழுக்கப் பேசினோம். தீப்பெட்டி ஆபீஸைப் பற்றி வகுப்பில் பேசலாம் என்பதே எங்களுக்குப் புதுசு. இலுப்பையூரணிக்காரி அன்றைக்கு நிறையப் பேசினாள்.

அதற்கப்புறம் தனி ஊசல் வந்தது. மேசை விளிம்பில் ஸ்டாண்டு, பிளந்த கார்க்குக்கு நடுவே நூல், நூல் முனையில் பித்தளைக் குண்டு. குண்டைச் சற்று இழுத்துவிட்டு இருபது அலைவுகளுக்கு ஆகும் நேரத்தை நிறுத்துக் கடிகாரத்தில் எடுக்க வேண்டும். நீளத்தை மாற்றி மாற்றி, நீளத்தை அலைவு நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் எல்லா வரிசையிலும் ஒரே எண் வர வேண்டும். அதைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கம் கண்டுபிடிக்கலாம்.

இந்தச் சோதனையில் ஒரு பழைய வழக்கம் எல்லாப் பள்ளியிலும் உண்டு. விடை வினாடி வர்க்கத்துக்கு 980 சென்டிமீட்டர் என்று புத்தகத்தில் அச்சிட்டிருக்கிறதல்லவா? அப்படியானால் அட்டவணையின் கடைசிக் கட்டத்தில் 24.8 வர வேண்டும் என்று அக்காமார் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். லாகரிதம் அட்டவணையை வைத்துக்கொண்டு கணக்கைப் பின்னாலிருந்து போட்டால் அலைவு நேரம் கிடைத்துவிடும். குண்டை ஆட்டவே வேண்டாம். இதற்கு 'ரீடிங்கை குக் பண்றது' என்று பெயர். ரெக்கார்டு நோட்டின் இடப்பக்க வெள்ளைத்தாளில் பென்சிலால் கோடு போட்டு அழகழகாக எழுதினால் முழு மார்க். எக்ஸ்டெர்னலுக்கு வருகிறவரும் பெரும்பாலும் விடையைத்தான் பார்ப்பார்.

எங்கள் டீச்சரிடம் இது செல்லாது. 24.8, 24.8, 24.8 என்று வரிசையாக வந்தால் நோட்டை மூடிக் கையில் கொடுத்துவிடுவார். "மனுஷக் கை இவ்வளவு ஒழுங்கா இருக்காது. போய் ஆட்டிப் பாரு."

அந்த நாளில் இலுப்பையூரணிக்காரிக்கு 1086 வந்தது. வகுப்பே சிரித்தது. 980-க்கு 1086 என்றால் பெரிய வித்தியாசம். அவள் முகம் சுருங்கிவிட்டது. அழித்துவிடலாம் என்று ரப்பரை எடுத்துவிட்டாள். டீச்சர் நோட்டை வாங்கிக் கடைசிக் கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழே பார்த்தார். 27.4, 27.6, 27.5, 27.5. கொஞ்சநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார்:

"கடிகாரத்த அமுக்கும்போது நீ என்னன்னு எண்ணுன?"

"ஒண்ணுன்னு டீச்சர்."

"அதான் மக்ளே. சைபர்னு ஆரம்பிக்கணும்."

கரும்பலகைக்குப் போனார். ஒன்று என்று ஆரம்பித்து இருபது வரை எண்ணினால் முடிந்திருப்பது பத்தொன்பது அலைவுகள்தான். அந்த நேரத்தை இருபதால் வகுத்தால் அலைவு நேரம் இருபதில் ஒரு பங்கு குறைந்துவிடும். முடுக்கம் அதன் வர்க்கத்தில் ஏறும். இருபதைப் பத்தொன்பதால் வகுத்து வர்க்கமாக்கி 980-ஆல் பெருக்கினார். 1086 வந்தது. வகுப்பில் சத்தமே இல்லை. ஓர் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, அந்தப் பெண் மேசையோரத்தில் நின்று உதட்டுக்குள் என்ன முணுமுணுத்தாள் என்பதைக் கண்டுபிடித்துவிட்டாரே!

"கை நடுங்குனா சில ரீடிங் கூடும், சில ரீடிங் குறையும். இவளுக்கு எல்லாம் ஒரே அளவு கூடியிருக்கு. அப்ப கை நல்லாத்தான் இருக்கு. ஒரே தப்பு ஒவ்வொரு தடவையும் நடந்திருக்கு. அத அழிக்காத. பக்கத்துல சரியானத எழுது." முறையான பிழை, ஒழுங்கற்ற பிழை என்ற இரண்டு தலைப்புகளும் பாடப்புத்தகத்தின் முதல் அத்தியாயத்திலேயே இருந்தன. பலமுறை படித்திருந்தோம். அவற்றின் வித்தியாசம் உறைத்தது அந்த நிமிடத்தில்தான்.

980 என்பதே நம் ஊருக்குச் சரியான எண் இல்லை என்று பின்னாளில் படித்தபோது அந்த வகுப்பு மறுபடி ஞாபகம் வந்தது. பூமி சுற்றுவதாலும் நடுவில் புடைத்திருப்பதாலும் நிலநடுக்கோட்டுப் பக்கம் ஈர்ப்பு முடுக்கம் குறைவு; துருவத்தில் 983, நடுக்கோட்டில் 978. கோவில்பட்டிக்கு 978-தான் வரும். 1672-இல் பிரெஞ்சு வானியலாளர் ழான் ரீஷே தென்னமெரிக்காவின் கயேனுக்குப் போனபோது, பாரிசில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம் அங்கே நாளுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கியது. ஊசலைக் கொஞ்சம் குட்டையாக்கித்தான் அவர் நேரத்தைச் சரிசெய்ய முடிந்தது. ஊருக்கு ஊர் எடை மாறும் என்பதற்கும், பூமி முழுக்கோளம் இல்லை என்பதற்கும் நியூட்டன் கையில் எடுத்த சாட்சிகளில் அதுவும் ஒன்று. சென்னையில் நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் இருந்த கோல்டிங்ஹாமும் ஊசலை வைத்துத்தான் சென்னைக்கான அளவை எடுத்தார். அது 1822-இல் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியானது. எங்கள் நிறுத்துக் கடிகாரத்துக்கும் கார்க்குக்கும் 978-ஐயும் 980-ஐயும் பிரித்துக்காட்டும் நுட்பம் கிடையாது, உண்மைதான். ஆனாலும் உலகத்தின் வடிவத்தையே சொல்லக்கூடிய ஒரு சோதனையைச் செய்யாமலே விடை எழுதுவது எத்தனை பெரிய இழப்பு!

இலுப்பையூரணிக்காரி பிளஸ் டூவுக்கு மேல் படிக்கவில்லை. கல்யாணமாகி, பிறகு ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதினாள். வெகுகாலம் கழித்துச் செண்பகவல்லியம்மன் கோயில் பங்குனித் திருவிழாக் கூட்டத்தில் அவளைப் பார்த்தேன். பேத்தியை இடுப்பில் வைத்திருந்தாள். பேச்சோடு பேச்சாக அவள் சொன்னதை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அவள் வேலைபார்த்த இடத்தில் ஒரு சமயம் பண்டல் கணக்கு உதைத்திருக்கிறது. அடுக்குகிற பிள்ளைகள் எடுத்துவிட்டார்கள் என்று பேச்சு. இவள் பழைய நோட்டுகளை எடுத்துப் பார்த்திருக்கிறாள். "களவாண்டா ஒருநாள் கூடும், ஒருநாள் குறையுமில்லக்கா. எல்லா நாளும் அச்சு எடுத்த மாதிரி ஒரே அளவு குறையுது. அப்பவே தெரிஞ்சுபோச்சு, எண்ணுற எடத்துலதான் தப்புன்னு." என்னைவிட நாலு மாசம் சின்னவள், அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அடுக்குகளை எண்ணுகிறவர் முதல் அடுக்கைத் தினமும் விட்டுவிட்டு எண்ணியிருக்கிறார். பிள்ளைகள் மேலிருந்த பழி போய்விட்டது. பிளஸ் ஒன் பிசிக்ஸ் எதற்கு உதவும் என்று யாராவது கேட்டால் நான் ராக்கெட்டைப் பற்றிப் பேசுவதில்லை, இதைத்தான் சொல்கிறேன்.

நான் மேலே படித்து, அரசு மேல்நிலைப் பள்ளியில் அதே பாடத்தை நடத்தும் வேலைக்கு வந்தேன். ஓய்வுபெறும்வரை வருஷம் தவறாமல் முதல் வாரத்தில் ஒரு கேள்வி கேட்பேன். சாக்பீஸ் துண்டை மேலே தூக்கிப் போட்டு, "கையை விட்டப்புறம், மேல போய்க்கிட்டு இருக்கும்போது இதுமேல என்ன விசை இருக்கு?" காற்றை விட்டுவிட்டால் கீழ்நோக்கிய ஈர்ப்பு ஒன்றுதான் விடை. ஆனால் கிட்டத்தட்ட எல்லோரும் மேல்நோக்கி ஒரு விசையைச் சொல்வார்கள். கை கொடுத்த விசை உள்ளே இருக்கிறது, அது தீரத் தீர வேகம் குறைகிறது, தீர்ந்ததும் உச்சியில் நிற்கிறது, பிறகு விழுகிறது. நியூட்டனின் மூன்று விதிகளையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய பிள்ளைகள்தான் இப்படிச் சொல்வார்கள்.

இவர்களை மக்கு என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. இதையேதான் பதினான்காம் நூற்றாண்டில் பாரிஸ் பேராசிரியர் புரிடான் சொன்னார். எறியப்பட்ட பொருளுக்குள் ஓர் உந்தம் புகுந்து அதைக் கொண்டுபோகிறது என்று. அதற்கு எண்ணூறு வருஷம் முன்பே அலெக்சாண்ட்ரியாவில் ஃபிலோபோனஸ் அந்த வழியில் யோசித்திருந்தார். வண்டி தள்ளியவர்கள், தண்ணீர்க்குடம் சுமந்தவர்கள் எல்லோருக்கும் உடம்பு சொல்லிக்கொடுத்த பாடம் இது: தள்ளினால்தான் நகரும். கலிலியோவும் நியூட்டனும் அதை மீறி வருவதற்கு மனிதகுலத்துக்கு இரண்டாயிரம் வருஷம் தேவைப்பட்டது. நாம் அதை ஜூன் மாதத்தின் மூன்று பாடவேளைகளில் முடித்துவிட்டோம் என்று வேலைத்திட்டத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம்.

அமெரிக்காவில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்து ஹெஸ்டனிசும் சக ஆசிரியர்களும் இதை முறையாக ஆராய்ந்து 1992-இல் ஒரு வினாத்தாளை வெளியிட்டார்கள். இப்போது புழங்கும் வடிவில் அதில் 30 கேள்விகள். ஒரு சூத்திரம் கிடையாது, கணக்கு கிடையாது. இரண்டு பந்துகள் விழுகின்றன, ஒரு லாரியும் காரும் மோதுகின்றன, எது எப்படி என்று சாதாரணப் பேச்சில் கேட்கும். கடினமான கணக்குகளைப் போடுகிற மாணவர்களே அதில் தடுமாறினார்கள். ஹார்வர்டில் எரிக் மஸூர் என்ற பேராசிரியர், தன் பிள்ளைகள் இதையெல்லாம் சுலபமாகச் செய்துவிடுவார்கள் என்று நம்பி இந்த மாதிரிக் கேள்விகளைக் கொடுத்தார். ஒரு மாணவி எழுந்து, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுத வேண்டுமா, நான் நினைக்கிறபடி எழுத வேண்டுமா என்று கேட்டாளாம். இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். எங்கள் பிள்ளைகள் அந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்பதில்லை. முதலாவதை எழுதி மார்க் வாங்கிக்கொண்டு, இரண்டாவதை மனசுக்குள் அப்படியே வைத்துக்கொண்டு வெளியே போய்விடுகிறார்கள்.

நம் ஊரில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இயக்கம், விசை, ஆற்றல், ஈர்ப்பு, வெப்பம், அலை எல்லாம் பிளஸ் ஒன் பாடம். பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வருவதற்கு முன்னால், பல பள்ளிகளில் அந்தப் புத்தகத்தைத் திறக்காமலே முதல் வருஷமே பிளஸ் டூ பாடத்தைத் தொடங்கிவிடுவார்கள். இரண்டு வருஷமும் மின்னோட்டத்தையும் ஒளியையும் அணுவையும் ஒப்பித்து 200-க்கு 200 வாங்கிய பிள்ளைகள், இன்ஜினியரிங் காலேஜில் முதல் செமஸ்டரில் திணறி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். 2017-18-இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தபோது நான் மனதாரச் சந்தோஷப்பட்டேன். கூடவே நீட் வந்தது, கோச்சிங் வந்தது. ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம் என்று பழக்கப்பட்ட பிள்ளைக்கு, கோடு எங்கே திரும்புகிறது என்று இருட்டில் காத்திருக்கப் பொறுமை எங்கிருந்து வரும்? செய்முறை வகுப்புகள் பொதுத்தேர்வுக்குச் சற்று முன்னால் அவசர அவசரமாக நடப்பதைப் பார்க்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. ஒரு பிள்ளை தன் கையால் எடுத்த அளவைத் தன் வாயால் சொல்லும் இடம் பள்ளிக்கூடத்தில் அது ஒன்றுதான். அதை எடுத்துவிட்டால் மிச்சமிருப்பது இன்னொரு ஒப்பிக்கிற பாடம்.

இப்போதும் தெரிந்த ஆசிரியைகள் கூப்பிட்டால் லேபுக்குப் போய்வருகிறேன். சமீபத்தில் ஒரு பள்ளியில் பிளஸ் ஒன் பெண்கள் செல்போனையே ஊசலாக்கியிருந்தார்கள். ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய 'ஃபைஃபாக்ஸ்' என்ற செயலி, இலவசம். போனை ஒரு சின்னத் துணிப்பையில் போட்டுக் கட்டித் தொங்கவிட்டு ஆட்டினால், உள்ளே இருக்கிற உணரியே அலைவு நேரத்தை எடுத்துவிடும். நீளத்தை மட்டும் நாம் போட்டால் ஈர்ப்பு முடுக்கத்தைத் திரையில் காட்டும். சைபரா ஒன்றா என்ற குழப்பத்துக்கே வேலையில்லை. எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஒரு குழுவுக்கு 9.52 வந்தது. அந்தக் குழுவில் சுறுசுறுப்பான பெண் ஒருத்தி உடனே போனில் எதையோ மாற்றிவிட்டு என்னிடம் ஓடிவந்தாள். "மிஸ், நீளம் 80-க்குப் பதிலா 82.3-னு போட்டா கரெக்டா 9.8 வருது!"

"82.3-னு அளந்து பாத்தியாம்மா?"

"இல்ல மிஸ், போட்டுப் பாத்தேன்."

"சரி, அளந்து பாரு. உனக்கு என்ன வருதுன்னு சொல்லு."

பக்கத்துக் குழுவும் வந்து சேர்ந்துகொண்டது. போனின் நடு என்றால் அதன் உயரத்தில் பாதியா, எடையின் நடுவா என்று ஒருத்தி கேட்டாள். கேமரா இருக்கிற பக்கம் கனமாயிருக்கும் என்றாள் இன்னொருத்தி. ஸ்கேலைச் செங்குத்தாக நிறுத்தி அதன் விளிம்பில் போனைப் படுக்கவைத்து, சாயாமல் நிற்கும் இடத்தைத் தேடிப் பென்சிலால் பையில் குறித்தார்கள். மேலே பார்த்தால், முடிச்சுக்குக் கீழிருந்து அளந்திருந்தார்கள். நூல் கார்க்கை விட்டு வெளிவரும் இடத்திலிருந்தல்லவா அளக்க வேண்டும்? ஒருத்தி ஸ்டூலில் ஏறி மீட்டர் ஸ்கேலை மேலே பிடித்தாள், ஒருத்தி கீழே குனிந்து படித்தாள்.

"81.6, மிஸ்."

போட்டுப் பார்த்தார்கள். 9.71 வந்தது. 9.8 வரவில்லையே என்று அந்தப் பெண்ணுக்கு வருத்தம்தான். ஆனாலும் 9.71 என்றே அப்சர்வேஷன் நோட்டில் எழுதினாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, ரொம்பப் பெரிதாக ஆட்டிவிட்டோமோ, இன்னும் சின்னதாக ஆட்டினால் என்ன வரும் என்று கேட்டாள். நல்ல கேள்வி. அதற்குள் மணி அடித்துவிட்டது. அடுத்த பாடவேளை வேதியியல். ஊசலைக் கழற்ற வேண்டாம், சாயங்காலம் வந்து பார்க்கிறோம் என்று லேப் உதவியாளரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள்.